பச்சிளங்குழந்தைக்குக் கிருமித்தொற்றா? இரத்தப் பரிசோதனை சொல்வதும் சொல்லாததும்

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பத்தார் எங்களிடம் பெரும்பாலும் மூன்று கேள்விகளைக் கேட்கின்றனர். "நேற்றுதானே இரத்தம் எடுத்தீர்கள், இன்றும் ஏன்?" என்பது முதலாவது. "நோய் இன்னதென்று உறுதியாகத் தெரியும் முன்பே ஏன் ஊசிமருந்து ஏற்றுகிறீர்கள்?" என்பது இரண்டாவது. "முதல் பரிசோதனை நார்மல் என்று சொன்ன பிறகும் ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை?" என்பது மூன்றாவது.

மூன்றும் நியாயமான கேள்விகள். பிறந்து சில நாள்களே ஆன குழந்தையைக் கண்ணாடிக்கு அப்பால் விட்டுவிட்டு நிற்கும் தாய்க்கும் தந்தைக்கும் பாட்டிக்கும் இவற்றைக் கேட்கும் உரிமை உண்டு. விடையின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். குழந்தைக்குக் கிருமித்தொற்று இருக்கிறதா இல்லையா என்பதை ஒரே தடவையில், ஒரே எண்ணில் சொல்லிவிடும் இரத்தப் பரிசோதனை இதுவரை உலகில் எங்கும் இல்லை. இருக்கும் பரிசோதனைகளைச் சில மணி நேர இடைவெளியில் மீண்டும் செய்து, குழந்தையின் நிலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் மட்டுமே அவை நமக்கு உதவும். அது ஏன் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

செப்சிஸ் என்பது என்ன?

பிறந்த 28 நாள்களுக்குள் கிருமிகள் இரத்தத்தில் கலந்து, உடல் முழுவதையும் பாதிக்கும் நிலையைப் பச்சிளங்குழந்தை செப்சிஸ் என்கிறோம். பெரியவர்களின் உடல் ஓர் இடத்தில் கிருமியைத் தடுத்து நிறுத்தும் ஆற்றல் உடையது. பச்சிளங்குழந்தைக்கு அந்த ஆற்றல் இன்னும் முழுமையாக வளரவில்லை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் எடை குறைந்த குழந்தைக்கும் அது மேலும் குறைவு. ஆகவே காலையில் நன்றாகப் பால் குடித்த குழந்தை மாலைக்குள் ஆபத்தான நிலையை எட்டிவிடக்கூடும்.

பிறந்த முதல் 72 மணி நேரத்துக்குள் தோன்றும் தொற்று, பெரும்பாலும் தாயின் பிறப்புப் பாதையிலிருந்தோ பிரசவ நேரத்திலோ வந்ததாக இருக்கும். பனிக்குடம் உடைந்து நெடுநேரம் கழித்துப் பிரசவமாதல், பிரசவ நேரத்தில் தாய்க்குக் காய்ச்சல், பனிக்குட நீரில் துர்நாற்றம் ஆகியவை இதற்கான எச்சரிக்கைகள். அதன் பின்னர்த் தோன்றும் தொற்று, குழந்தையைச் சூழ்ந்துள்ள கைகள், துணி, பால்புட்டி, தொப்புள்கொடி போன்றவற்றின் வழியாக வருவது மிகுதி. மருத்துவமனையில் நெடுநாள் தங்க நேரும் குழந்தைக்கு அங்குள்ள கிருமிகளாலும் தொற்று ஏற்படலாம்.

செப்சிஸில் காய்ச்சல் கட்டாயம் இருக்கும் என்று எண்ணுவது தவறு. பச்சிளங்குழந்தையின் உடல் சூடாவதற்குப் பதிலாகச் சில்லிட்டுப் போவதும் உண்டு. குழந்தை வீறிட்டு அழ வேண்டும் என்பதும் இல்லை. பல குழந்தைகள் அடங்கிப்போகும், துவண்டுபோகும், மார்பை மறுக்கும். இவ்வறிகுறிகள் வேறு காரணங்களாலும் வரக்கூடியவை. அதனால்தான் இரத்தத்தின் உதவியை நாடுகிறோம்.

கல்ச்சர்: உறுதியானது, ஆனால் தாமதமானது

குழந்தையின் இரத்தத்தில் ஏறத்தாழ 1 மில்லிலிட்டர் எடுத்து, கிருமி வளர்வதற்கான ஊட்டம் நிறைந்த புட்டியில் இட்டு, உடல் வெப்பத்தில் வைத்துப் பார்ப்பது பிளட் கல்ச்சர். கிருமி இருந்தால் பெருகும். எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதும் தெரியவரும். செப்சிஸை உறுதி செய்யும் சான்றாக உலகெங்கும் கொள்ளப்படுவது இதுவே.

ஆனால் கிருமி வளர்வதற்கு நேரம் தேவை. தானியங்கிக் கருவிகளிலும் பெரும்பாலான கிருமிகள் வெளிப்பட ஒன்றிலிருந்து இரண்டு நாள் ஆகிவிடும். கடுமையான தொற்றில் அத்தனை நேரம் மருந்தின்றிக் காத்திருக்க இயலாது. ஆகவே கல்ச்சருக்கு இரத்தம் எடுத்தவுடன், முடிவுக்குக் காத்திராமல் ஆன்டிபயாட்டிக் ஊசியைத் தொடங்குகிறோம். இரண்டாம் கேள்விக்கான விடை இதுதான்.

கல்ச்சருக்கு மற்றொரு குறையும் உண்டு. தொற்று உண்மையிலேயே இருந்தும் புட்டியில் கிருமி வளராமல் போகலாம். எடுத்த இரத்தம் மிகக் குறைவாக இருந்திருக்கலாம். பிரசவத்துக்கு முன் தாய்க்கு ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்டிருக்கலாம். முந்தைய மருத்துவமனையில் குழந்தைக்கே ஊசி போடப்பட்டிருக்கலாம். இது எவ்வளவு பரவலானது என்பதை நம் நாட்டில் நடந்த ஒரு பெரிய ஆய்வு காட்டியது. டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 2011 முதல் 2014 வரை, தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கப்பட்ட 13,530 பச்சிளங்குழந்தைகளை மருத்துவர்கள் தொடர்ந்து கண்காணித்தனர். 2016-இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. அக்குழந்தைகளில் 14.3 விழுக்காட்டினருக்குச் செப்சிஸ் இருப்பதாக முடிவு செய்யப்பட்டது. ஆனால் கல்ச்சரில் கிருமி வளர்ந்தது 6.2 விழுக்காட்டினருக்கு மட்டுமே. அதாவது, செப்சிஸ் எனக் கொள்ளப்பட்டவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் கல்ச்சர் உதவவில்லை.

கல்ச்சர் முடிவு வரும்வரையிலும், வந்த பிறகும் ஐயம் நீங்காத நிலையிலும், வழிகாட்ட வேறொன்று தேவைப்படுகிறது. அதற்காகவே இரத்தத்தின் பிற குறிகளை நாடுகிறோம்.

நெருப்பும் புகையும்

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். கல்ச்சர் நெருப்பையே தேடுகிறது. அதாவது கிருமியையே பிடிக்க முயல்கிறது. மற்ற இரத்தப் பரிசோதனைகள் புகையைப் பார்க்கின்றன. கிருமி நுழைந்ததும் உடல் தன்னைக் காத்துக்கொள்ள எழுப்பும் மாற்றங்களை அவை அளக்கின்றன. புகையைச் சீக்கிரம் காணலாம் என்பது இவற்றின் பலம். அடுப்பெரிந்தாலும் புகை வரும் என்பது இவற்றின் பலவீனம். தீப்பற்றிய முதல் சில நிமிடங்களில் புகை வெளியே தெரியாமலும் இருக்கலாம். கீழே வரும் ஒவ்வொரு பரிசோதனைக்கும் இந்த மூன்றும் பொருந்தும்.

வெள்ளணுக்களின் எண்ணிக்கை

கிருமியை எதிர்ப்பவை இரத்தத்தின் வெள்ளணுக்கள். பெரியவர்களுக்கு ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 11,000-க்கு மேல் வெள்ளணுக்கள் இருந்தால் தொற்று என ஐயப்படுவோம். பச்சிளங்குழந்தைக்கு இக்கணக்கு பொருந்தாது. பிறந்த முதல் நாளில் நல்ல நலத்துடன் இருக்கும் குழந்தைக்கும் 20,000 அல்லது 25,000 இருக்கலாம். ஆய்வக அறிக்கையில் பெரியவர்களுக்கான அளவு அச்சிடப்பட்டு, குழந்தையின் எண்ணுக்கு அருகில் 'அதிகம்' என்ற குறி இடப்பட்டிருப்பதைக் கண்டு பல குடும்பங்கள் கலங்கியிருக்கின்றன. அந்தக் குறி மட்டுமே கவலைக்குக் காரணமாகாது.

பச்சிளங்குழந்தையிடம் எங்களை அதிகம் கவலைகொள்ளச் செய்வது எண்ணிக்கை குறைவதே. 5,000-க்குக் கீழே இறங்கினால், கிருமியுடன் போராடி அணுக்கள் தீர்ந்துவருகின்றன என்று பொருள்படலாம். அப்போது எலும்பு மஜ்ஜை, இன்னும் முதிராத இளம் அணுக்களையும் களத்துக்கு அனுப்பத் தொடங்கும். நியூட்ரோஃபில் எனப்படும் வெள்ளணுக்களில் முதிராதவை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால், அதாவது விகிதம் 0.2-ஐத் தாண்டினால், தொற்றுக்கான குறியாகக் கொள்கிறோம்.

சி.ஆர்.பி. என்னும் புரதம்

1930-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்தில் வில்லியம் டில்லெட், தாமஸ் ஃபிரான்சிஸ் என்னும் இருவர் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தனர். நிமோனியாக் கிருமியின் 'சி' என்று பெயரிடப்பட்ட ஒரு பொருளோடு வினைபுரியும் ஏதோ ஒன்று நோயாளிகளின் இரத்தத்தில் இருப்பதையும், நோய் தீர்ந்ததும் அது மறைந்துவிடுவதையும் கண்டனர். பின்னாளில் அது சி-ரியாக்டிவ் புரதம் எனப் பெயர்பெற்றது. அதன் சுருக்கமே சி.ஆர்.பி. நோய் வரும்போது ஏறி, தீரும்போது இறங்கும் அந்தப் பண்புதான் இன்றும் அதன் பயன்.

கிருமி நுழைந்ததும் வெள்ளணுக்கள் சில வேதிப்பொருள்களை வெளியிடுகின்றன. அவை ஈரலைச் சென்றடைந்து, சி.ஆர்.பி.யை உற்பத்தி செய்யத் தூண்டுகின்றன. ஈரல் அதை உருவாக்கி இரத்தத்தில் அளக்கத்தக்க அளவுக்குக் கொண்டுவர ஏறத்தாழ 6 முதல் 12 மணி நேரம் ஆகும். ஒன்றரை முதல் இரண்டு நாளில் அது உச்சத்தை அடையும். கிருமி அடங்கியதும் புதிய உற்பத்தி நின்று, ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கு ஒருமுறை அளவு பாதியாகக் குறையும். பொதுவாக லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் தொற்றுக்கான குறியாகக் கொள்கிறோம்.

முதல் கேள்விக்கும் மூன்றாம் கேள்விக்கும் விடை இந்த மணிக்கணக்கில் இருக்கிறது. தொற்று தொடங்கி மூன்று மணி நேரத்தில் எடுத்த இரத்தத்தில் சி.ஆர்.பி. இயல்பாகவே இருக்கும். அதை நம்பிக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பினால் பெரும் தவறாகிவிடும். 12 முதல் 24 மணி நேரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். அப்போதும் 10-க்குக் கீழேயே இருந்து, குழந்தையும் தெளிவாக இருந்தால், கடும் தொற்று இருப்பதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு. ஒரு தடவை நார்மல் என்பதைவிட இரண்டு தடவை நார்மல் என்பதற்கு மதிப்பு பல மடங்கு அதிகம்.

மறுபுறம், சி.ஆர்.பி. உயர்ந்த எல்லாக் குழந்தைகளுக்கும் தொற்று இருக்க வேண்டியதில்லை. நெடுநேரப் பிரசவ வலி, பிறக்கும்போது மூச்சுத்திணறல், குழந்தை மலம் கலந்த நீரை நுரையீரலுக்குள் இழுத்துக்கொள்ளுதல், அறுவை சிகிச்சை ஆகியவற்றாலும் அது உயரும். அடுப்புப் புகை என்று முன்பு சொன்னது இதைத்தான்.

புரோகால்சிடோனின்

சி.ஆர்.பி.யைவிட விரைவாக உயர்வது புரோகால்சிடோனின் என்னும் மற்றொரு புரதம். கடும் பாக்டீரியத் தொற்றில் இது மிகுவதை 1993-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். தொற்று தொடங்கி நான்கைந்து மணி நேரத்திலேயே இது ஏறத் தொடங்கும்.

ஆயினும் பச்சிளங்குழந்தையிடம் இதற்கு ஒரு சிக்கல் உண்டு. எந்தத் தொற்றும் இல்லாத குழந்தைக்கும் பிறந்த முதல் நாளில் இது தானாகவே உயர்ந்து, பின்னர் இரண்டு மூன்று நாள்களில் இறங்கும். ஆகவே குழந்தை பிறந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று பார்த்து, அதற்குரிய அளவோடு ஒப்பிட வேண்டும். மூன்றாம் வயதுநாளுக்குரிய அளவை முதல் நாள் குழந்தைக்குப் பொருத்தினால் நலமான குழந்தையையும் நோயாளி ஆக்கிவிடுவோம். இப்பரிசோதனைக்குச் செலவும் அதிகம். எல்லா ஆய்வகங்களிலும் கிடைப்பதில்லை. தேவைப்படும்போது மட்டுமே இதைச் செய்கிறோம்.

ஐந்தில் இரண்டு

ஒரே குறியை நம்பினால் ஏமாற்றம் நேரும் என்பதால், நம் நாட்டின் பல பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் ஐந்து குறிகளைச் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் உள்ளது. இதைச் செப்சிஸ் ஸ்கிரீன் என்பர். மொத்த வெள்ளணுக்கள் 5,000-க்குக் கீழ், நியூட்ரோஃபில் எண்ணிக்கை வயதுக்குரிய அளவைவிடக் குறைவு, முதிராத அணுக்களின் விகிதம் 0.2-க்கு மேல், மைக்ரோ இ.எஸ்.ஆர். முதல் மணியில் 15 மில்லிமீட்டருக்கு மேல், சி.ஆர்.பி. 10-க்கு மேல் ஆகியவையே அந்த ஐந்து. மைக்ரோ இ.எஸ்.ஆர். என்பது மெல்லிய கண்ணாடிக் குழலில் குதிகாலிலிருந்து எடுத்த சில துளி இரத்தத்தை நிறுத்தி, சிவப்பணுக்கள் எவ்வளவு படிகின்றன என்று பார்ப்பது. விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை.

ஐந்தில் இரண்டேனும் பிறழ்ந்திருந்தால் தொற்று இருக்கலாம் எனக் கொள்கிறோம். எதுவும் பிறழவில்லை, ஆனால் குழந்தையைப் பார்த்தால் ஐயம் எழுகிறது என்றால், 12 முதல் 24 மணி நேரத்தில் மீண்டும் பார்க்கிறோம்.

இரண்டு குழந்தைகள்

இவையெல்லாம் நடைமுறையில் எப்படி அமைகின்றன என்பதைக் காட்ட இரண்டு எடுத்துக்காட்டுகள். இவை விளக்கத்துக்காக அமைத்தவை. எந்த ஒரு தனிக் குடும்பத்தையும் குறிப்பன அல்ல.

முதல் குழந்தை ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலைப் பகுதியைச் சேர்ந்தது. பிறந்து எட்டு நாள். காலையிலிருந்து பால் குடிக்கவில்லை. உரம் விழுந்திருக்கிறது என்று எண்ணிச் சேலையில் இட்டு உரம் எடுத்தார்கள். மாலையில் குழந்தை துவண்டுபோகவே மருத்துவமனைக்கு வந்தார்கள். உடல் சில்லிட்டிருந்தது, மூச்சு நிமிடத்துக்கு 66. கல்ச்சருக்கு இரத்தம் எடுத்து உடனே ஊசிமருந்து தொடங்கப்பட்டது. முதல் சி.ஆர்.பி. 6 மட்டுமே. வெள்ளணுக்கள் 4,200. "சி.ஆர்.பி. நார்மல் என்கிறார்களே, பிறகு எதற்கு ஊசி?" என்று உறவினர் கேட்டனர். மறுநாள் சி.ஆர்.பி. 48, முதிராத அணுக்களின் விகிதம் 0.3. இரண்டாம் நாள் கல்ச்சரில் கிளெப்சியெல்லா என்னும் கிருமி வளர்ந்தது. அது கட்டுப்படும் மருந்துக்கு மாற்றியதும் நான்காம் நாள் சி.ஆர்.பி. 22, ஏழாம் நாள் 10-க்குக் கீழ். குழந்தை மீண்டும் மார்பைத் தேடியது. முதல் எண்ணை மட்டும் நம்பியிருந்தால் ஓர் இரவு வீணாகியிருக்கும். அந்த ஓர் இரவு குழந்தையின் உயிரையே பறித்திருக்கக்கூடும்.

இரண்டாம் குழந்தை ராஜபாளையத்தில் பிறந்தது. பனிக்குடம் உடைந்து 26 மணி நேரம் கழித்துப் பிரசவம், தாய்க்குக் காய்ச்சல், பிறந்ததும் குழந்தைக்கு வேகமான மூச்சு. அதற்கும் கல்ச்சர் எடுத்து ஊசிமருந்து தொடங்கப்பட்டது. 12 மணி நேரத்தில் சி.ஆர்.பி. 5, 36 மணி நேரத்தில் 7. ஒரே நாளில் மூச்சு சீரானது. பால் நன்றாகக் குடித்தது. 48 மணி நேரத்தில் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. ஊசிமருந்து நிறுத்தப்பட்டது, குழந்தை தாயுடன் வீடு திரும்பியது.

இரண்டாம் குழந்தையின் கதை முதலாவதைவிடச் சிறியது என்று எண்ண வேண்டா. மருந்தைத் தொடங்குவதைவிட அதை நிறுத்தத் துணிவதே மருத்துவருக்குக் கடினம். தேவையற்ற ஆன்டிபயாட்டிக் குழந்தையின் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்களை அழிக்கிறது. மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளர வழிசெய்கிறது. தாயையும் சேயையும் பிரித்துவைக்கிறது. முன்பு சொன்ன டெல்லி ஆய்வில் மிகுதியாகக் காணப்பட்டவை அசினெட்டோபாக்டர், கிளெப்சியெல்லா, இ-கோலை ஆகிய கிருமிகள். அவற்றில் பல, வழக்கமான பல மருந்துகளுக்கு அடங்காதவையாக இருந்தன.

ஆகவே, நிறுத்தும் நேரத்தைக் காட்டுவதே இரத்தக் குறிகளின் தலையாய பயன் எனலாம். நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து, கனடா, செக் குடியரசு ஆகிய நாடுகளின் 18 மருத்துவமனைகளில் 1,710 குழந்தைகளைக் கொண்டு செய்த ஆய்வொன்று 2017-இல் வெளியானது. புரோகால்சிடோனின் அளவைப் பார்த்து முடிவெடுத்தபோது, மருந்து தரப்பட்ட நேரம் சராசரியாக 65 மணியிலிருந்து 55 மணியாகக் குறைந்தது. பத்து மணி நேரம் என்பது கேட்பதற்குச் சிறிதாகத் தோன்றலாம். குழந்தையை மடியில் ஏந்தக் காத்திருக்கும் தாய்க்கு அது சிறிதன்று.

இரத்தம் எடுப்பதால் குழந்தை இளைத்துவிடாதா?

"இந்தப் பச்சை உடம்புல எம்புட்டு ரத்தம் இருக்கும், அதையும் எடுத்தா எப்படி?" என்று பாட்டிமார் கேட்பது வழக்கம். கணக்கைப் பார்ப்போம். குழந்தையின் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ 80 மில்லிலிட்டர் இரத்தம் உள்ளது. 3 கிலோ குழந்தைக்கு ஏறத்தாழ 240 மில்லிலிட்டர். கல்ச்சருக்கும் மற்றப் பரிசோதனைகளுக்கும் சேர்த்து ஒரு தடவை எடுப்பது ஏறத்தாழ 2 மில்லிலிட்டர். நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. எடை 1 கிலோ மட்டுமே உள்ள குறைமாதக் குழந்தையிடம் ஒவ்வொரு துளியும் கணக்குக்குரியது. அத்தகைய குழந்தைகளுக்குப் பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து, ஒரே தடவையில் எடுக்க முயல்கிறோம்.

தொற்று மூளை உறைக்குப் பரவியிருக்கிறதா என்பதை இரத்தக் குறிகள் சொல்வதில்லை. அந்த ஐயம் எழுந்தால் முதுகுத்தண்டிலிருந்து சில துளி நீர் எடுத்துப் பார்க்க வேண்டும். கால் விளங்காமல் போய்விடும் என்று அஞ்சிப் பலர் இதை மறுக்கின்றனர். தண்டுவடம் முடிவடையும் இடத்துக்குக் கீழேதான் ஊசி செலுத்தப்படுகிறது. இந்தப் பரிசோதனையைத் தவிர்த்தால் மருந்தை எத்தனை நாள் தருவது என்பதே தெரியாமல் போகும். இரத்தத் தொற்றுக்குப் பொதுவாக 10 முதல் 14 நாள். மூளை உறைத் தொற்றானால் 21 நாள்.

அறிக்கையைக் கையில் வாங்கும்போது

சி.ஆர்.பி. அளவைச் சில ஆய்வகங்கள் லிட்டர் கணக்கிலும் சில டெசிலிட்டர் கணக்கிலும் அச்சிடுகின்றன. ஓர் அறிக்கையில் 12 என்றும் மற்றோர் அறிக்கையில் 1.2 என்றும் இருந்தால் இரண்டும் ஒரே அளவாக இருக்கலாம். ராஜபாளையத்தில் ஒரு பரிசோதனையும் மதுரையில் மற்றொன்றும் செய்துவிட்டு, நோய் பத்தில் ஒன்றாகக் குறைந்துவிட்டது என்று மகிழ்வதும், பத்து மடங்கு ஏறிவிட்டது என்று அஞ்சுவதும் இதனால் நேர்கின்றன. எண்ணோடு அதன் அலகையும் பாருங்கள்.

வேறு மருத்துவமனையிலிருந்து வரும்போது, அங்கு போடப்பட்ட ஊசிமருந்தின் பெயரும் நேரமும் எழுதிய சீட்டைத் தவறாமல் கொண்டுவாருங்கள். இரத்தம் எடுத்த நேரமும் அதில் இருக்கட்டும். கல்ச்சரையும் சி.ஆர்.பி.யையும் சரியாகப் பொருள்கொள்ள இவை இன்றியமையாதவை. அரசு மருத்துவமனைகளில் நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கான பரிசோதனை, மருந்து, ஊர்தி ஆகியவை 2011-இல் தொடங்கிய மைய அரசின் ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்கீழ் இலவசம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். செலவுக்கு அஞ்சி ஓர் இரவைக் கடத்த வேண்டா.

முதல் பரிசோதனை வீட்டில்தான்

ஆய்வகத்துக்கு முன்பே குழந்தையைப் பார்ப்பது உங்கள் கண். அந்தக் கண்ணின் ஆற்றலை மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டம் நிரூபித்தது. மருத்துவர்கள் அபய் பங், ராணி பங் இணையர் அங்கே கிராமப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து, ஆய்வகம் எதுவும் இன்றி, அறிகுறிகளைக் கொண்டே குழந்தைகளின் தொற்றைக் கண்டறிந்து உடனே சிகிச்சை தரச் செய்தனர். 1999-இல் வெளியான அவர்களின் ஆய்வின்படி, மூன்றாம் ஆண்டில் அக்கிராமங்களில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்தது. மருத்துவமனை அருகிலுள்ள நம் பகுதியில் வீட்டிலேயே சிகிச்சை செய்ய வேண்டியதில்லை. அறிகுறியை அறிந்து உடனே புறப்பட்டால் போதும்.

பின்வருவனவற்றுள் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள்:

• பால் குடிப்பதை நிறுத்துதல், அல்லது வழக்கத்தைவிட மிகக் குறைத்தல்
• தொட்டு எழுப்பினாலன்றி அசையாதிருத்தல், துவளுதல்
• வலிப்பு
• நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு. மூச்சு விடும்போது மார்பு உள்வாங்குதல்
• அக்குளில் வைத்த வெப்பமானியில் 37.5 டிகிரி செல்சியசுக்கு மேல், அல்லது 35.5-க்குக் கீழ்
• தொப்புளைச் சுற்றிச் சிவப்பு, சீழ்
• உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள்

மூச்சை எண்ணும்போது குழந்தை அழாமல் இருக்க வேண்டும். ஒரு நிமிடம் முழுவதும் எண்ண வேண்டும்.

உரம் விழுந்தது, செவ்வாப்பு, சீர் தட்டியது என்று நம் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லும் பல நிலைகளில் செப்சிஸும் மறைந்திருக்கக்கூடும். பெரியவர்களின் அன்பை நாங்கள் ஐயுறவில்லை. குழந்தையிடம் ஏதோ சரியில்லை என்பதை முதலில் உணர்பவர்களும் அவர்களே. அந்த உணர்வு எழுந்தவுடன் வர வேண்டிய இடம் மருத்துவமனை என்பதே எங்கள் வேண்டுகோள். 108-ஐ அழையுங்கள். வரும் வழியில் குழந்தையைத் தாயின் மார்போடு தோல் படும்படி அணைத்துப் போர்த்தி, சூடு குறையாமல் கொண்டுவாருங்கள்.

தொற்று வராமல் காப்பதற்குப் பெரிய முயற்சி தேவையில்லை. குழந்தையைத் தொடும் ஒவ்வொருவரும் சோப்பிட்டுக் கை கழுவட்டும். தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டா. சேனை வைத்தல், சங்கில் கழுதைப்பால் புகட்டுதல் ஆகியவற்றைத் தவிருங்கள். தொப்புளில் சாம்பலோ எண்ணெயோ மஞ்சளோ தடவாமல் உலர விடுங்கள்.

மருத்துவரிடம் கேளுங்கள்

குழந்தை உள்ளே இருக்கும்போது ஒவ்வொரு நாளும் நீங்கள் கேட்கத்தக்க கேள்விகள் நான்கு. இன்று குழந்தை நேற்றைவிடத் தெளிவாக இருக்கிறதா? சி.ஆர்.பி. ஏறுகிறதா, இறங்குகிறதா? கல்ச்சரில் என்ன தெரிந்தது, அல்லது எப்போது தெரியும்? மருந்தை எப்போது நிறுத்தலாம் என எண்ணுகிறீர்கள்?

இவற்றில் முதல் கேள்வியை முதலில் வைத்ததற்குக் காரணம் உண்டு. எண்கள் எல்லாம் இயல்பாக இருந்து குழந்தை துவண்டிருந்தால் நாங்கள் குழந்தையையே நம்புவோம். எண் சற்று உயர்ந்திருந்தும் குழந்தை கண் விழித்து, கைகால் ஆட்டி, மார்பைத் தேடினால் எங்கள் மனமும் ஆறுதல் கொள்ளும். ஆகவே, நாளை காலை உங்கள் குழந்தையின் குதிகாலில் மீண்டும் ஊசி படுவதைக் கண்டால் மனம் வருந்துவது இயல்பே. ஆயினும் அந்தச் சில துளிகள், மருந்தை நிறுத்திக் குழந்தையை உங்கள் மடிக்குத் திருப்பித் தரும் நாளைத் தேடி எடுக்கப்படுபவை என்பதையும் எண்ணிப்பாருங்கள்.